கச்சான் பிறக்கும் மலை

ஜூலை மாதத்தில் வத்தேகமச் சந்தைக்கு வருகிறவர் குடை இல்லாமல் வரமாட்டார். அதே நாளில், அதே நேரத்தில் மட்டக்களப்பில் கச்சான் வீசிக்கொண்டிருக்கும். அங்கே முற்றத்து மணல் காலைச் சுடும், கொடியில் போட்ட சேலை சற்று நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும், உதடு வெடிக்கும். இங்கே பெய்கிற மழையும் அங்கே அடிக்கிற கச்சானும் ஒரே காற்றின் வேலை. இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேல் ஏறும்போது ஒன்றாக இருக்கிறது, மறுபக்கம் இறங்கும்போது வேறொன்றாகிவிடுகிறது. அது மாறுகிற இடத்தைக் காலால் நடந்தே பார்த்துவிடலாம். வத்தேகமவுக்குக் கிழக்கே, மேகத்துக்குள் பாதி மறைந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர்தான் அந்த இடம். சிங்களத்தில் அது தும்பர மலை.

கண்டியிலிருந்து வத்தேகம சுமார் 13 கிலோமீட்டர். 1880இல் மாத்தளைக்கு ரயில் போனபோது இந்த ஊருக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. இங்கிருந்து பன்வில, மடுல்கலை என்று பஸ் ஏறினால் தேயிலைக்குள் நுழைந்து, தேயிலை முடியும் இடத்தில் காட்டின் ஓரத்துக்கு வந்துவிடலாம். வரைபடத்தை விரித்தால் வத்தேகமவும், மலைக்கு அப்பால் மகியங்கனை வீதியில் இருக்கும் ஹசலகவும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் இருக்கும். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்த இடைவெளியில் ஈர வலயம் முடிந்து, இடைவலயம் கடந்து, உலர் வலயம் தொடங்கிவிடுகிறது. சமவெளியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணித்துப் பார்க்க வேண்டிய காலநிலை மாற்றத்தை இந்த மலை ஒரு நாள் நடைக்குள் அடக்கி வைத்திருக்கிறது.

உலர் வலயத்தைப் பாலைவனம் என்று சொல்லலாமா? ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் நிலத்தைப் பாலைவனம் என்பது பொதுவான வரையறை. அந்தக் கணக்கில் இலங்கையில் பாலைவனமே கிடையாது. ஆனால் ஆண்டுக் கணக்கு மலையில் நடக்கிறவனைக் காப்பாற்றாது. அன்றைக்கு, அந்தச் சரிவில், அந்த மணிக்கு என்ன காற்று வீசுகிறது என்பதே அவனுக்கு முக்கியம். ஆகஸ்ட் நண்பகலில் நக்கிள்ஸின் கிழக்குப் புல்வெளியில் நிழலில்லாமல் நிற்கும் மனித உடல் சந்திக்கும் பிரச்சினை பாலைவன மலைகளில் ஏறுகிறவர்களின் பிரச்சினையே. கண்டிப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் மழைக்குத் தயாராகப் போய் வறட்சியில் மாட்டிக்கொள்கிறார்கள். மழையங்கி பையில் இருக்கும், தண்ணீர் ஒரு சின்னப் போத்தலில் இருக்கும்.

மலை இங்கே நிற்பதற்கான காரணத்தைக் கல்லிலிருந்து தொடங்க வேண்டும். கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் நடுவே, ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய மத்திய மலைநாட்டுப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து அழுந்தின. பழைய மணல் குவார்ட்சைட்டாக இறுகியது. பழைய சுண்ணாம்பு சலவைக்கல்லாயிற்று. இவற்றோடு கருமையும் பச்சையும் கலந்து எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் சார்னோக்கைட்டும் இருக்கிறது. சென்னைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைத்த பாறையை வைத்து 1893இல் நிலவியலாளர் தோமஸ் ஹொலண்ட் சூட்டிய பெயர் அது. கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜொப் சார்னொக்கின் கல்லறை அந்தக் கல்லால் ஆனது, பெயரும் அவருடையதே. பரங்கிமலையில் நிற்கிறவரும் நக்கிள்ஸில் நிற்கிறவரும் ஒரே குடும்பத்துக் கல்லின் மேல் நிற்கிறார்கள். பாக்கு நீரிணை மிகப் பிந்தி வந்தது.

குவார்ட்சைட்டை மழை எளிதில் கரைக்காது, சலவைக்கல்லைக் கரைத்துவிடும். அதனால் கோடிக்கணக்கான ஆண்டு மழையில் சுண்ணாம்புப் பட்டைகள் பள்ளத்தாக்காயின, கடினப் பட்டைகள் முகடுகளாக எஞ்சின. திகனைப் பக்கம் இன்றும் அந்தச் சுண்ணாம்புப் பட்டையில் டொலமைட் தோண்டுவதைப் பார்க்கலாம். அதற்கு மேலே, மூடிய கையின் விரல் முட்டிகள்போல் தெரிவதால் ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்று அழைத்த முகடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் உயரமான கொம்பானிய 1,906 மீட்டர். பருவக்காற்று இந்தச் சுவரில் வந்து மோதுகிறது.

மோதிய பின் நடப்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். காற்று மேலே ஏறினால் சுற்றியுள்ள அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிவதற்கான சக்தியைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஈரம் ஒடுங்காதவரை 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பாகை செல்சியஸ் குறையும். 500 மீட்டர் உயரத்தில் 27 பாகையோடு புறப்படும் காற்று 900 மீட்டருக்கு வரும்போது 23 பாகை. அங்கே அதன் ஈரம் துளியாகத் தொடங்குகிறது என்று கொள்வோம். நீராவி துளியாகும்போது, முன்பு கடலில் ஆவியாவதற்காக வாங்கிய மறைவெப்பத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கிறது. அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று மெதுவாகவே குளிரும், நம் வெப்பநிலையில் 100 மீட்டருக்குச் சுமார் அரைப் பாகை. 1,800 மீட்டர் முகட்டுக்கு வரும்போது 18.5 பாகை. வழியில் துளிகளெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டன என்று வைத்துக்கொண்டால், மறுபக்கம் இறங்கும் காற்றில் திரும்ப ஆவியாவதற்கு எதுவும் இல்லை. அது 100 மீட்டருக்கு 1 பாகை வீதம் முழு வேகத்தில் சூடாகும். மீண்டும் 500 மீட்டருக்கு இறங்கும்போது 31.5 பாகை. இன்னும் கீழே, சுமார் 100 மீட்டர் உயரத்திலுள்ள மகியங்கனைச் சமவெளிக்குப் போகும்போது 35.5.

நிஜக் காற்று இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. சில துளிகள் மழையாகாமல் முகடு தாண்டும், சில காற்றோட்டம் மலையைச் சுற்றிக்கொண்டு போகும். ஆனாலும் அடிப்படை இதுவே. கிழக்கின் வெப்பத்தில் ஒரு பங்கு மேற்கில் பெய்த மழையின் மறைவெப்பம். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையின் மறுபக்கம் இறங்கும் இதே வகைக் காற்றை ஃபோன் என்கிறார்கள். மட்டக்களப்பார் கச்சான் என்றார்கள். வானிலை நூல்களிலும் அந்தப் பெயர் அப்படியே இடம்பெற்றிருக்கிறது. நக்கிள்ஸ் மட்டும் கச்சானை உண்டாக்குவதில்லை, மத்திய மலைநாடு முழுவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆனால் அந்த மலைநாட்டின் வடகிழக்கு மூலையில் தனித்து நிற்பதால், இரண்டு முகமும் இவ்வளவு நெருக்கமாகத் தெரிவது இங்கேதான்.

மேற்குப் பக்கத்தில் ஏறும்போது ஈரமானி எதுவும் தேவையில்லை, அட்டை போதும். தேயிலை முடிந்து காட்டுப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நின்று கீழே பாருங்கள். உதிர்ந்த இலையின் விளிம்பில், தீக்குச்சியளவு தடிப்புக்கூட இல்லாத ஒன்று பின்முனையால் ஒட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். முன்முனையை இடமும் வலமும் ஆட்டும். நம் காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சில் வரும் கரியமில வாயுவும் அதற்குத் திசை சொல்கின்றன. பிறகு வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து நம் பாதணியை நோக்கி வரும். கடித்த இடத்தில் இரத்தம் உறையாமல் இருக்க அதன் உமிழ்நீரில் ஒரு பொருள் உண்டு, அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் காலுறை நனைந்துகொண்டே இருக்கும். காலில் சவர்க்காரம் பூசுவது தோட்டத்துப் பழக்கம், அது பலனும் தருகிறது. அட்டைக்கு நுரையீரல் இல்லை, ஈரமான தோலால் சுவாசிக்கிறது. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே அட்டை எங்கே நின்றுபோகிறதோ அங்கே நிலத்தை ஒட்டிய காற்று காய்ந்துவிட்டது என்று பொருள். மலைமுகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது, வறண்ட மாதங்களில், அட்டை போய் உண்ணி வந்துவிடும்.

முகட்டுக்கு அருகிலுள்ள காடு மழையை மட்டும் நம்பி வாழ்வதில்லை. மேகம் மரங்களுக்கிடையே நகரும்போது இலையிலும் பாசியிலும் துளி பிடித்துச் சொட்டுகிறது. மழைமானியில் விழாத இந்த நீரும் ஓடைக்குப் போகிறது. ஓயாத காற்றில் அடிபட்டு வளர்வதால் மரங்கள் குள்ளமாகி, முறுக்கிக்கொண்டு, ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டதுபோல் நிற்கின்றன. மூக்கின் நுனியில் இலைபோன்ற தட்டை உறுப்பை ஏந்திய ஓணான் ஒன்று இங்கே இருக்கிறது. 1861இல் விவரிக்கப்பட்டு, இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட்டின் பெயரைத் தாங்கிய இந்த இனம் உலகில் நக்கிள்ஸைத் தவிர வேறெங்கும் இல்லை. 2006இல்கூட தும்பரவின் பெயரோடு இன்னொரு குட்டி ஓணான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. இந்தக் காட்டின் அடிமட்டத்தை வெட்டி ஏலம் பயிரிட்டதால் பெரிய மரங்கள் நின்றாலும் அவற்றின் கன்றுகள் வளர இடமில்லாமல் போனது. மேலே பசுமையாகத் தெரிந்ததால் அந்த இழப்பு நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. 2000இல் பாதுகாப்பு வனமாகி, 2010இல் சிவனொளிபாத மலைக்காட்டோடும் ஹோர்ட்டன் சமவெளியோடும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இந்தக் காடு இடம்பெற்றது.

மழை மனிதரின் பயிரையும் தேர்ந்தெடுத்தது. இந்தச் சரிவுகளில் முதலில் இருந்தது கோப்பி. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட கோப்பித் துரு நோயின் வித்திகள் முளைப்பதற்கு இலைமேல் நீர் நிற்க வேண்டும், மேற்குச் சரிவில் அதற்குக் குறைவே இல்லை. கோப்பி அழிந்தது, அதே ஈரத்தில் தேயிலை தழைத்தது. அந்தக் கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, உலர் வலயக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். தாகத்திலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். வறண்ட பக்கத்திலிருந்து ஈரப் பக்கத்துக்கு அவர்கள் நடந்த நடையை நினைக்காமல் இந்த மலையில் உல்லாச நடை பற்றி எழுத என்னால் முடியவில்லை. மடுல்கலைத் தோட்டங்களில் இன்று கொழுந்தெடுப்பவர்கள் அப்படி வந்த மக்களின் வழித்தோன்றல்கள்.

கிழக்கைப் பார்க்க எளிய வழி மகியங்கனை வீதி. தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரிய சந்தியில் திரும்பினால் டீன்ஸ்டன், அதற்கப்பால் கோபெட்ஸ் கணவாய், அதற்கும் கீழே மீமுரே. கணவாயில் நிற்கும்போது முதுகில் படும் காற்று குளிர்ந்திருக்கும், நாலடி முன்னால் மேகத்தின் நுனி கிழிந்து கரைந்துகொண்டிருக்கும். மேகம் எங்கேயும் ஓடிப்போவதில்லை, இறங்கும் காற்றில் அங்கேயே ஆவியாகிறது. புதிய மேகம் பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்கும், விளிம்பு மட்டும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். மலை மழையை மறித்துவிடும் மறுபக்கத்தை மழை ஒதுக்கு என்பார்கள். அதன் எல்லையை இவ்வளவு தெளிவாகக் கண்ணால் காண்பது அரிது.

அதற்குக் கீழே மானாப்புல். கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும், விளிம்பு கையைக் கீறும். புல்லுக்கிடையே தள்ளித்தள்ளி நிற்கும் மரங்களைப் பார்த்தால் சித்த வைத்தியர் மகிழ்ந்துபோவார். நெல்லி, கடுக்காய், தான்றி என்று திரிபலா முழுவதும் ஒரே சரிவில் இருக்கிறது. கூடவே வேங்கையும் கஹட்டவும் உண்டு. இவை இங்கே நிலைத்ததற்குக் காரணம் பட்டை. தடித்துப் பிளந்த புறப்பட்டை, புல்லில் ஓடும் தீயின் சூட்டை உள்ளே உயிருள்ள திசுவுக்குப் போகவிடாமல் தடுக்கிறது. மேற்குக் காட்டு மரங்களின் மெல்லிய பட்டைக்கு அந்தத் திறன் இல்லை. மானாவின் உயிர் நிலத்துக்குக் கீழே இருப்பதால் அது எரிந்த சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும். ஆக ஒவ்வொரு தீயும் காட்டின் ஓரத்தைக் கொஞ்சம் தின்று புல்லுக்குக் கொடுக்கிறது.

இந்தப் புல்வெளியில் நடக்கும்போது உடலுக்குள் நடப்பதற்கும் கணக்கு உண்டு. சுமையோடு மேட்டில் ஏறுகிறவர் நொடிக்கு ஏறத்தாழ 500 ஜூல் சக்தி செலவிடுகிறார். அதில் ஐந்தில் ஒரு பங்கே ஏற்றத்துக்குப் பயன்படும், 400 ஜூல் வெப்பமாக உடலில் தேங்கும். வெளிக்காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் அந்த வெப்பம் வெளியேற வியர்வை ஒன்றே வழி. ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 24 இலட்சம் ஜூல் எடுத்துப் போகும். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 0.6 லீற்றர். மேலிருந்து வெயில் தரும் சூட்டையும் கூட்டினால் இன்னும் ஏறும். ஐந்து மணி நேர நடைக்கு 3 லீற்றர் என்பது குறைந்த மதிப்பீடு.

நாம் ஏமாறுவது இங்கேதான். மேற்குக் காட்டில் சட்டை பிழியும் அளவுக்கு நனைவதால் தண்ணீர் போவது நமக்குத் தெரிகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது, அவ்வளவுதான். கிழக்கில் சட்டை காய்ந்தே இருக்கும், வியர்க்கவில்லை என்று தோன்றும். சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருப்பதைப் பின்னால் வருகிறவர்தான் பார்ப்பார். அதைக் கண்டால் உடனே நிழல் தேடி உட்கார வைத்துத் தண்ணீரோடு உப்பும் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் லீற்றராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகும். உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர் இதற்கு நல்ல மருந்து.

அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. ஆண்டுக்குச் சுமார் 180 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தப் பாலைவன நகரத்துக்குள்ளேயே 800 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில் கேமல்பேக் மலை இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்து மலைதானே என்று ஒரு சிறு போத்தலோடு ஏறியவர்கள் மயங்கி விழுந்தார்கள், தூக்கிவரப் போன மீட்புப் பணியாளர்களும் வெப்பத்தில் சுருண்டார்கள். 2021 முதல் கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் உச்சி வெயில் நேரத்தில் அந்தப் பாதையை நகர நிர்வாகமே மூடிவிடுகிறது. நகரத்துக்கு அருகில் இருக்கும் மலை தூரத்து மலையைவிடப் பாதுகாப்பானது என்ற எண்ணம் கண்டியிலும் வலுவாக இருக்கிறது. அது தவறு.

வறட்சியை நுட்பமாகச் சமாளிக்கும் ஒரு தவளையை மாத்தளைப் பக்கத்து ரிவர்ஸ்டன் தாண்டி, பிட்டவல பத்தன என்ற புல்வெளியை ஒட்டிய பாறைகளில் தேடலாம். அங்கே பாறைத்தட்டின் மேல் மண் மிகவும் மெல்லிய போர்வையாகவே இருப்பதால் புல்லும் குட்டையாகவே வளர்கிறது. மழை நீர் மண்ணுக்குள் தங்க இடமின்றிப் பாறைமேல் படலமாக வழிகிறது. நக்கிள்ஸுக்கே உரிய இந்தத் தவளை தட்டையான உடலோடு பாறை வெடிப்புக்குள் நுழைந்துகொள்ளும், பளிங்குக் கல்போன்ற திட்டுகள் அதை மறைத்துவிடும். அதன் தலைப்பிரட்டைகளுக்குக் குளம் தேவையில்லை. நனைந்த பாறைச் சுவரில், நீண்ட வாலை அடித்து அடித்து, தங்கள் உடலின் தடிப்பளவுகூட இல்லாத நீர்ப்படலத்தில் ஊர்ந்து பாசியை மேய்கின்றன. அந்தப் படலம் காய்ந்தால் அந்தத் தலைமுறை போயிற்று. இலங்கைக்கு மட்டுமே உரிய இந்தப் பேரினத்தில் ஒரு இனம் ஏற்கெனவே அழிந்துவிட்டது. பாறையில் கால் வைக்குமுன் குனிந்து பார்ப்பது நாம் செய்யக்கூடிய சிறு உதவி.

நவம்பருக்குப் பின் எல்லாம் தலைகீழ். வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து வரும்போது கிழக்கு முகம் மழை வாங்கும், கச்சான் அடித்த சரிவில் நீர்வீழ்ச்சி இரையும், மேற்கு சற்று ஆறும். இரண்டு பருவத்துக்கும் குறுக்கே நிற்பதால்தான் இந்த மலையிலிருந்து நீர் ஓயாமல் இறங்குகிறது. ஹுலு கங்கை மேற்கிலிருந்து விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 1985இல் திறக்கப்பட்ட, 122 மீட்டர் உயரமான அந்த அணைக்காகத்தான் பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. ஹீன் கங்கை கிழக்கே இறங்கி மகாவலியில் சேர்கிறது, களு கங்கை வடக்கே அம்பன் கங்கைக்குப் போகிறது. உலர் வலயத்து வயலுக்கு இந்த மேகத்தின் தண்ணீர்தான் போகிறது.

அதனால் ஆகஸ்ட் தீயைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இந்தத் தீ தானாகப் பிறப்பதில்லை, பெரும்பாலும் மனிதர் வைப்பது. மேய்ச்சலுக்கு இளம்புல் வேண்டும் என்று சிலர் வைப்பார்கள், வேட்டைக்குச் சிலர், முகாமடித்துத் தேநீர் வைத்துவிட்டு அடுப்பை அணைக்காமல் போகிறவர்கள் சிலர். மண்ணரிப்பைத் தடுக்கவென்று வெறும் சரிவுகளில் நட்ட கரிபியன் பைன் மரங்களின் உதிர்ந்த ஊசியிலையும் பிசினும் அந்தத் தீக்கு நல்ல எரிபொருள். கச்சான் வீசும் நாளில் புல்வெளித் தீ மேகக்காட்டின் ஓரம் வரை ஏறினால், மேகத்திலிருந்து துளி பிடிக்கும் மரங்களே எரியும்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு நாட்காட்டி கிடைக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை மேற்கில் வழுக்கலும் அட்டையும், கிழக்கில் வெயிலும் தீயும். டிசம்பரிலும் ஜனவரியிலும் மீமுரேப் பக்கத்து ஓடைகள் திடீரெனப் பெருகும், அவற்றைக் கடக்க முயலக்கூடாது. டீன்ஸ்டனிலும் மாத்தளைப் பக்கத்து இலுக்கும்புரவிலும் வனத் திணைக்களத்து அலுவலகங்கள் இருக்கின்றன. அனுமதிச்சீட்டு வாங்கும்போதே எந்தப் பாதையில் தண்ணீர் இருக்கிறது, எங்கே புல் எரிந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். ஆகஸ்டில் கிழக்குச் சரிவில் இறங்குவதானால் விடிந்ததும் புறப்படுங்கள், ஆளுக்குக் குறைந்தது மூன்று லீற்றர் தண்ணீரும் ஒரு பொட்டலம் உப்பும் எடுங்கள், வெயில் உச்சிக்கு வருமுன் ஓடைக்கரை நிழலுக்குள் போய்விடுங்கள். தீப்பெட்டியை வீட்டிலேயே வையுங்கள்.